ஒத்திகைக்கு முன் மேல்மாடியைப் பூட்டிவிடு

மகன்,

நேற்றுப் பின்னேரம் நீ தொலைபேசியில் கேட்ட உதவிக்கு இதுதான் என் பதில். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, எழுதத்தான் இருந்தது. வாயால் சொன்னால் நீ "சரியம்மா, பாப்பம்" என்பாய். முப்பத்தொரு வருடம் ஆசிரியையாகவும், அதில் பதினான்கு வருடம் ஆசிரியர் சங்கத்தின் எங்கள் பாடசாலைக் கிளைக்குச் செயலாளராகவும் இருந்தவள் நான். கந்தோர்களில் எத்தனை வகைப் "பாப்பம்" உண்டு என்று எனக்குத் தெரியும். அடுத்த தவணைப் பாப்பம், அடுத்த வருடப் பாப்பம், கேட்டவர் ஓய்வுபெறும்வரை பாப்பம். உன்னுடையது எந்த வகை என்று பார்த்துக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு மேல்மாடி மண்டபத்தில் ஒத்திகை வைத்திருக்கிறாய்.

நீ கேட்டதை முதலில் எழுத்தில் வைக்கிறேன். "அம்மா, உங்கட சங்கம் எனக்குச் சரியான கரைச்சல் தருது. சுபா டீச்சர் நீங்கள் சொன்னாக் கேப்பா. ஒருக்காக் கதைச்சு எல்லாரையும் மேல அனுப்பிவிடுங்கோ. பரிசளிப்பு முடியட்டும், பிறகு நானே எல்லாத்தையும் பாக்கிறன்." சொல்லுக்குச் சொல் இதுதான். "உங்கட சங்கம்" என்றாய். நான் ஓய்வுபெற்று எட்டு வருடமாகிறது. ஆனாலும் அந்தச் சொல்லில் பிழையில்லை. சங்கம் இன்னமும் என்னுடையதுதான், ஏனென்றால் நான் அதற்குச் செய்த ஒரு காரியம் இன்னமும் தீர்க்கப்படாமல் இருக்கிறது. அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாசிக்கும் மற்றவர்களுக்காக, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதமல்ல. நான் படிப்பித்த, நீ படித்த அதே பாடசாலைக்கு நான்கு மாதத்துக்கு முன் நீ அதிபராகப் போனாய். போன சனிக்கிழமை, ஆளில்லாத நேரத்தில், மேல்மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பீமிலிருந்து ஒரு சீமெந்துக் கட்டி கழன்று ஆசிரியரின் மேசைமேல் விழுந்தது. தேங்காயளவு என்று நீ சொன்னாய். சங்கக் கிளையின் இப்போதைய செயலாளர் சுபா, இரண்டு தேங்காயளவு என்றாள். அதிபர்களின் தேங்காய் எப்போதும் சிறியது. அதை அன்றைக்கே கூட்டி அள்ளச் சொன்னாய். திங்கட்கிழமை மேல்மாடி ஆசிரியர்கள் பதினொரு பேரும், பொறியியலாளர் வந்து பார்த்து எழுத்தில் தரும்வரை ஏறமாட்டோம் என்று சங்கத்தின் கடிதத்தை உன்னிடம் தந்துவிட்டு, வகுப்புகளை வாகை மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை நீ பீமைப் பூசுவித்தாய். வியாழக்கிழமை வெள்ளையடித்தாய். பரிசளிப்பு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

சங்கம் என்றால் சம்பளம், கொடி, வீதியை மறித்த ஊர்வலம் என்று நீ நினைப்பதில் ஆச்சரியமில்லை. தொலைக்காட்சியில் அவ்வளவுதான் தெரியும். நான் சங்கத்தில் சேர்ந்தது ஒரு சாவியால். உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது நான் காய்ச்சலில் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தது ஞாபகம் இருக்கும். அப்பா வைத்த கஞ்சியை நீ சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தாயாம். மழையில் நனைந்து வந்த காய்ச்சல் என்று உனக்குச் சொன்னோம். ஆண்பிள்ளைக்கு அதற்குமேல் சொல்லக்கூடாது என்று அந்த நாளில் ஒரு நினைப்பு. அது சிறுநீரகத்தில் வந்த தொற்று. தொற்றுக்குக் காரணம் நான் தண்ணீர் குடிக்காதது. தண்ணீர் குடிக்காததற்குக் காரணம், பதினெட்டு ஆசிரியைகளுக்கு ஒரே மலசலகூடம் இருந்ததும், அதன் சாவி அதிபரின் மேசை லாச்சிக்குள் இருந்ததும். சாவி தொலையக்கூடாதென்று அதை அளக்கும் அடிமட்டத்தின் பாதியளவு பலகைத் துண்டில் கட்டியிருந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தால் ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம்வரை எல்லாருக்கும் டீச்சர் எங்கே போகிறா என்று தெரியும். அதனால் காலை ஆறு மணிக்குக் குடித்த தேநீரோடு இரண்டு மணிவரை இருப்போம். ஆஸ்பத்திரியில் டொக்டர், "டீச்சர், ஒரு நாளைக்கு எத்தினை கிளாஸ் தண்ணி குடிப்பீங்கள்?" என்று கேட்டார். "பள்ளிக்கூட நாளிலயோ, மற்ற நாளிலயோ?" என்று கேட்டேன். 

சுகமாகி வந்ததும் நான் தனியாகப் போய் அதிபரிடம் சொன்னேன். அவர் வெட்கப்பட்டார், நானும் வெட்கப்பட்டேன், விஷயம் வெட்கத்தோடு முடிந்தது. நஸீமா டீச்சரை உனக்கு நினைவிருக்கும்: மனையியல் படிப்பித்தவள், கிண்ணியாவிலிருந்து வருகிறவள். அப்போது பாலமில்லை, துறையில் காத்து நின்று, பாதை என்ற அந்த மிதவையில் ஏறிக் கடந்து, பிறகு பஸ் பிடித்து எங்களெல்லாருக்கும் முதல் வந்து நிற்பாள். அவள்தான் சொன்னாள்: "ஒராள் போய்க் கேட்டா வெக்கம் டீச்சர். பதினெட்டுப் பேரும் போய்க் கேட்டா அது கோரிக்கை." அடுத்த நாள் இடைவேளை மணி அடித்ததும் அதிபரின் கந்தோர் வாசலில் வரிசையாக நின்றோம். ஒருவர் உள்ளே போய், "சேர், சாவி" என்பார். போய்வந்து சாவியைக் கொடுப்பார். அடுத்தவர் உள்ளே போய், "சேர், சாவி" என்பார். பதினோராவது ஆளுக்கு அதிபர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்க் கொடிக்கம்பத்தடியில் நின்றார். அந்த வாரமே சாவி ஆசிரியர் அறை ஆணியில் தொங்கியது. அடுத்த வருடம் இன்னும் இரண்டு மலசலகூடம் கட்டினார்கள். அந்த வருடந்தான் என்னைச் செயலாளராக்கினார்கள். உண்மையில் நஸீமாவைத்தான் ஆக்கியிருக்க வேண்டும். "எனக்குப் பாதையும் பஸ்ஸும் பிடிக்கவே நேரமில்ல" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

மேல்மாடியின் கதை அதற்குப் பிறகு வருகிறது. மாரிக்கு மாரி அந்தப் பீமின் அடியில் ஒரு பழுப்புக் கறை வரும். வெள்ளையடித்தால் மறையும். அடுத்த மாரிக்கு அதே இடத்தில், அதே வடிவத்தில், ஒரு விரல் அகலம் கூடி வரும். புவியியல் சேர் அதை நம் கடலோரத்துக் கொட்டியாரக் குடாவின் வரைபடம் என்று காட்டிப் படிப்பித்தார். நீயும் படித்திருப்பாய். குடா வருடத்துக்கு வருடம் பெருத்தது, நாங்கள் சிரித்தோம். பிறகு கறையின் நடுவே வெடிப்பு வந்தது. காலையில் மேசைகளில் மணல் கிடக்கும். பிள்ளைகள் கையால் தட்டிவிட்டுப் புத்தகத்தை வைப்பார்கள். அமைதியான பாடவேளைகளில் அது விழுகிற சத்தம் கேட்கும். கடதாசியில் யாரோ அரிசி கொட்டுகிற மாதிரி. சங்கக் கிளையிலிருந்து மூன்று வருடத்தில் ஐந்து கடிதம் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்ட ஒப்பம் வாங்கி வைத்தேன். ஐந்துக்கும் "கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அவ்வளவு கவனத்தைத் தாங்கக்கூடிய கட்டிடமாக அது இருக்கவில்லை.

அந்த நாளில் பாடசாலைக்கு வேலி கட்ட வந்த மேசன் சின்னராசா பீமை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கடல்மணலைக் கழுவாமப் போட்டிருக்கிறாங்கள் டீச்சர். உள்ளுக்குக் கம்பி துருப்பிடிச்சு ஊதுது" என்றார். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டச் சொன்னதும் அவர்தான். பீம் அசைந்தால் கண்ணாடி உடையும், உடையாவிட்டால் பயமில்லை. விரல் நீளக் கண்ணாடி ஒன்றை அவரே சீமெந்தால் பதித்தார். அதில் திகதியை எழுதி நான் ஒப்பமிட்டேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த வேலைகளில் அது ஒன்று, ஒரு தவணைவரை.

நீ சாதாரணதரப் பரீட்சை எழுதவிருந்த வருடத்துப் பரிசளிப்பு அது. மாகாணத்திலிருந்து ஒரு பெரியவர் வருவதாக இருந்தது. அப்போதைய அதிபர் நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். ஆசிரியர் கூட்டத்தில் தேநீரும் ரோல்ஸும் கொடுத்துவிட்டு, "வாறவர் மேல அண்ணாந்து பாத்தா எங்கட பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு மரியாதையீனம்" என்று மட்டும் சொன்னார். விருந்தாளி வருமுன் வீட்டின் ஓட்டையை மறைப்பது நம் ஊரில் ஒழுக்கம். எதிர்த்து ஒரு சொல் வரவில்லை. சனிக்கிழமை சிரமதானம் என்று முடிவாயிற்று. அதை முன்மொழிந்தது யார் என்று நினைக்கிறாய்? சங்கக் கிளை. முறைப்பாடு செய்தவர்களே வாளியும் தாச்சியும் கொண்டுவந்து முறைப்பாட்டின்மேல் சீமெந்து பூசினோம். கண்ணாடியில் இருந்தது என் ஒப்பம் என்பதால் அதைக் கழற்ற நானே ஏணியில் ஏறினேன்.

கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தது, மகன். நடுவில் ஒரே நேராக, தலைமயிர் போல. கீழே நின்று பார்த்தபோது அது தெரியவேயில்லை. கிட்டப் போனால்தான் தெரிந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் நஸீமா. "என்ன டீச்சர், உடைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். ஓம் என்று சொன்னால் வேலை நிற்கும். வேலை நின்றால் மேல்மாடி பூட்டப்படும், விழா பிற்போடப்படும், வருகிறவர் வேறு திகதி தரமாட்டார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டிருந்தது. அதில் முதலாம் பரிசு உன் பெயருக்கு. "இல்ல நஸீமா, கழட்டேக்கதான் உடைஞ்சிட்டுது" என்றேன். துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். மூன்று வருடமாக வராத பொறியியலாளர் அடுத்த புதன்கிழமை வந்தார். புது வெள்ளை மணக்கிற பீமைப் பார்த்தார். வெடிப்பு எதுவும் அவதானிக்கப்படவில்லை என்று எழுதினார். அவர் எழுதியது பொய்யல்ல. நாங்கள் காட்டியதைத்தான் எழுதினார்.

விழாவுக்கு முதல் நாள், பன்னிரண்டரை மணிக்கு, மேல்மாடியில் மனையியல் கண்காட்சிக்கு மேசை விரித்துக்கொண்டிருந்த நஸீமாவின் வலது தோளில் பீமின் அடிப்பகுதி விழுந்தது. நீ கீழ் மண்டபத்தில் நன்றியுரையை ஒப்புவித்துக்கொண்டிருந்தாய். சத்தம் கேட்டு நிறுத்தினாய். தொடரச் சொன்னார்கள். தொடர்ந்தாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பிள்ளை சொன்னதைச் செய்தது. பிறகு சின்னராசா வந்து, கீழே கிடந்ததைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெடிச்ச இடத்தில பூசினா, விழுறது இன்னும் பாரமாத்தான் விழும் டீச்சர்."

அன்றைக்குப் பின்னேரம் அதிபர் சம்பவத் திரட்டைக் கொண்டு என்னிடம் வந்தார். பாடசாலையில் நடப்பதை அதிபர் நாளுக்கு நாள் எழுதிவைக்கும் புத்தகம் அது. இப்போது உன் அலுமாரியில் இருக்கிறது, போய்ப் பார். "ஆசிரியை படிக்கட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருந்தார். "விழா முடியட்டும் டீச்சர், பிறகு திருத்துவம்" என்றார். சாட்சிக்கு ஒரு ஒப்பம் வேண்டும். என்னிடம் ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியும். சங்கச் செயலாளர் ஒப்பமிட்ட விபத்தை யாரும் கிளறமாட்டார்கள். பதினெட்டுப் பெண்கள் வரிசையில் நின்று சம்பாதித்த நம்பிக்கை அது. அதை நான் ஒரு ஒப்பத்தில் செலவழித்தேன். அடுத்த நாள் நீ மேடையில் கேடயம் வாங்கினாய். நான் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். அந்தப் பெரியவர் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அதிபரும் நானும் முந்திரிகைப்பழம் வாங்கிக்கொண்டு போனோம். தோளிலிருந்து முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. என்ன எழுதினீர்கள் என்று நஸீமா கேட்டாள். சொன்னோம். கூரையைப் பார்த்துவிட்டு, "நான் படியில விழல்லியே டீச்சர். படி எனக்கு மேல விழுந்திச்சு எண்டு எழுதுங்களேன்" என்றாள். அதிபர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடமையில் நேர்ந்த விபத்து என்று எழுதியிருந்தால் அவளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை இருந்தது, நட்டஈட்டுக்கு வழி இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த நாளே அந்தக் கட்டிடத்தைப் பூட்ட ஒரு காரணம் இருந்தது. படியில் வழுக்கியவளுக்கு அவளுடைய சொந்த விடுமுறைதான். அது முடிந்ததும் வந்தாள். கை தோளுக்குமேல் உயராது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதுவாள். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எழுதுவார்கள். ஒரு வருடம் மேற்பார்வைக்கு வந்த ஒருவர், "கரும்பலகையின் மேற்பகுதி உரியவாறு பயன்படுத்தப்படவில்லை" என்று அவளுடைய சுயவிவரக் கோவையில் குறித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் வயதுக்கு முன்பே ஓய்வு கேட்டு எழுதினாள். பிழை திருத்த அந்தக் கடிதத்தை என்னிடந்தான் கொண்டுவந்தாள்.

பிறகு அந்தப் பீமை வெட்டிக் கட்டினார்களா என்று நீ கேட்கலாம். விழாவுக்கு அடுத்த வாரம் பூசினார்கள். எதற்காக வெட்டுவது? கட்டிடத்தில் குறையில்லை என்று பொறியியலாளரின் அறிக்கை இருந்தது, படியில்தான் விபத்து என்று சங்கச் செயலாளரின் ஒப்பம் இருந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடி பொருத்தினார்கள். இருபத்திரண்டு வருடமாக மாரிக்கு மாரி கறை வரும், வெள்ளையடிப்பார்கள். இப்போது வெள்ளையடிப்பது உன் முறை.

இந்தத் திங்கட்கிழமை சுபா நம் லிங்கநகர் வீட்டுக்கு வந்தாள். சாம்பல்தீவிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவள் கதிரையில் இருக்கவும் இல்லை. "கோவிக்காதேங்கோ டீச்சர், உங்கட மகனைப் பற்றித்தான் கதைக்க வந்தனான்" என்றாள். நாளைய ஒத்திகைக்கு அறுபது பிள்ளைகளோடு மேலே நிற்கவேண்டிய நடன ஆசிரியை அவள்தான். ஏலாது என்று சொன்னாளாம். "வெருகல் பக்கம் நடன ஆசிரியர் வெற்றிடம் இருக்காம் எண்டு சேர் சிரிச்சுக்கொண்டு சொல்லுறார் டீச்சர்." நீ அதட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். எங்கள் அதிபரும் சிரித்துக்கொண்டுதான் புத்தகத்தை நீட்டினார். சுபா தனி ஆளாக இருந்தால் நாளை மேலே ஏறியிருப்பாள். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, இடமாற்றம் வந்தால் அவ்வளவு தூரம் வெருகலுக்குத் தினமும் போய்வர ஏலாது. பத்துப் பேர் அவளோடு ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டிருப்பதால்தான் ஏலாது என்ற சொல் அவள் வாயில் நிற்கிறது. சங்கம் என்று ஒன்று ஆசிரியருக்கு எதற்கு என்றால், இதற்குத்தான். பயந்த ஆள் பயந்தபடியே இருந்துகொண்டு மாட்டேன் என்று சொல்வதற்கு.

நீ செவ்வாய்க்கிழமை பீமைப் பூசுவித்தாய் என்று கேள்விப்பட்டதும், புதன்கிழமை நான் கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். இப்போது பாலம் இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் போய்விடலாம். அந்த அரை மணித்தியாலத்தைக் கடக்க எனக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது. நஸீமா இடக்கையால் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடி முதலே உடைந்திருந்ததைச் சொன்னேன். "தெரியும் டீச்சர்" என்றாள். "ஏணிக்குக் கீழ நிண்டது நான்தானே. கழட்டேக்க உடைஞ்சிருந்தா எனக்குச் சத்தம் கேட்டிருக்குமே." பிறகு ஏன் ஒரு சொல் கேட்கவில்லை என்றேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாள். "செயலாளரையே சந்தேகப்பட்டா நான் வேற யாருக்கிட்டப் போய் முறையிடுறது? அதான் நம்பினேன். நம்புறது லேசு எண்டு நினைக்காதீங்க. கை வலிக்கிற நாளையில அது பெரிய வேலை." அழுவாள், ஏசுவாள் என்று நினைத்துப் போனேன். மகன் இப்போது அதிபராமே என்று சந்தோஷமாக விசாரித்தாள். நீ என்ன செய்கிறாய் என்று சொன்னேன். தேநீரைக் கீழே வைத்துவிட்டாள்.

நேற்றுக் காலை பாடசாலை வீதியால் நடந்து போனேன். உனக்குத் தெரியாது. வீதிகளில் திரியும் நகரத்து மான்கள் வெயிலேறியதும் மேல்மாடிக் கட்டிடத்தின் நிழலில் வந்து படுப்பது வழக்கம். நீ சின்னவனாக இருக்கும்போதே அப்படித்தான். நேற்று ஒன்றுகூட அங்கே இல்லை. பத்துப் பன்னிரண்டு மான் எதிர்ப்பக்கம் வெயிலில் படுத்துக் கிடந்தன. மான்களுக்குச் சங்கம் இல்லை, ஒவ்வொன்றும் தானாகவே முடிவெடுத்திருக்க வேண்டும். மிருகத்துக்கு என்ன தெரியும் என்று நீ சொல்லலாம். எனக்கும் அதற்கு விளக்கம் தெரியாது. ஆனால் சுவரோரம் நின்று மேல்மாடி ஜன்னலூடாகப் பீமைப் பார்த்தேன். வியாழக்கிழமை அடித்த வெள்ளையில் கொட்டியாரக் குடா திரும்ப வந்திருக்கிறது. மழை இன்னும் பெய்யவேயில்லை, மகன். இதுவரை அது மழைக்குப் பிறகுதான் வரும்.

ஆகவே நான் சுபாவோடு கதைக்கமாட்டேன். நீ சொல்லச் சொன்னதைச் சொல்லமாட்டேன். இன்று காலை அவளிடம் இரண்டு பொருள் கொடுத்தேன். ஒன்று, அன்றைய விபத்து எங்கே எப்படி நடந்தது என்றும் நான் பொய்யாக ஒப்பமிட்டேன் என்றும் எழுதி, என் பெயரும் முகவரியும் இட்ட வாக்குமூலம். புதன்கிழமையே நஸீமாவும் அதில் இடக்கையால் ஒப்பமிட்டிருக்கிறாள். மற்றது ஒரு பழைய உறை. கண்ணாடி அலுமாரியில் உன் கேடயத்துக்குப் பின்னால் அது இருந்தது. தூசு தட்டும்போது ஒருமுறை நீ, "இது என்னம்மா?" என்று கேட்டாய். "உடைஞ்ச கண்ணாடி, கை வைக்காத" என்றேன். அந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். சங்கம் இரண்டையும் திங்கட்கிழமை வலயக் கந்தோருக்குக் கொண்டுபோகும். இந்தக் கடிதத்தின் பிரதியும் கூடப் போகும். ஆசிரியர் அறைப் பலகைக்கும் ஒன்று. பாடசாலையின் பெயர் கெடும் என்பாய். என் பெயர்தான் முதலில் கெடும். அதற்கு நான் ஆயத்தம்.

உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. சங்கத்தின் கடிதத்தை உனக்கு வந்த கரைச்சல் என்று லாச்சிக்குள் வைக்காதே. ஆசிரியர்கள் ஏற மறுக்கிறார்கள், ஆகவே பூட்டினேன் என்று மேலே எழுத உனக்கு அவர்கள் தந்திருக்கும் தாள் அது. எங்கள் அதிபருக்கு அப்படி ஒரு தாள் இருக்கவில்லை. அவருடைய செயலாளர் ஏணியில் நின்றாள். உன்னுடைய செயலாளர் கீழே வந்து நிற்கிறாள். சம்பவத் திரட்டில் போன சனிக்கிழமை விழுந்ததை விழுந்தபடி எழுது. எத்தனை தேங்காயளவு என்று அவளைக் கேட்டு எழுது. ஒத்திகையை முற்றத்தில் வை. மழை பெய்தால் பிள்ளைகள் நனைவார்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது துறைமுகப் பக்கம் கறுத்துவிட்டது. இப்போது முற்றத்தில் முதல் துளிகள் விழுகின்றன. திங்கட்கிழமைதான் வலயத்துக்குப் போகும் என்று நான் சற்றுமுன் எழுதியதை நம்பி இருந்துவிடாதே. ஓட்டோக்காரரிடம் இரண்டு பிரதி கொடுத்து விடுகிறேன். முதலில் போய் மேல்மாடிப் படிக்கதவைப் பூட்டிச் சாவியை உன் கையில் எடு. பிறகு இரண்டாவது பிரதியின் அடியில், பெற்றுக்கொண்டேன் என்று எழுதி ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பு. நேரத்தையும் எழுது, மகன். எத்தனை மணிக்கு உனக்குத் தெரியவந்தது என்று பிறகு யாராவது கேட்கக்கூடும்.

அம்மா